வடிவேலு தாத்தா குடும்பம், சுங்கை சிப்புட், மலேசியா

கவி: வணக்கம். பெரியப்பா இருக்கிறீர்களா? ஷெஃபீல்டு வீட்டுக்கு விறகு அடுப்பு வாங்கப் போகிறோம். சமைக்க இல்லை, ஹாலில் குளிர் காய. டிசம்பரில் அம்மா வந்து நடுங்கக் கூடாது. கடைக்காரர் 8 கிலோவாட் எடு என்கிறார், என் வீட்டுக்காரர் 5 போதும் என்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்ட வேண்டும்

அம்மா: எனக்காக ஒன்றும் வாங்காதே. இரண்டு ஸ்வெட்டர் இருக்கிறது

தினேஷ்: அத்தை, அது கேமரன் மலைக்கு வாங்கிய ஸ்வெட்டர்

சரசு அத்தை: நல்ல நேரத்தில் அடுப்புப் பேச்சு வந்தது. ஞாயிறு காதுகுத்துக்கு 150 பேர். ஆட்டுக்கறி விறகடுப்பில்தான். பெரிய அண்டா யாரிடம் இருக்கிறது?

தினேஷ்: அம்மா, கேட்டரிங் என்று முடிவு செய்தோமே

சரசு அத்தை: நீ முடிவு செய்தாய்

முருகேசு சித்தப்பா: கவி பெரியதே வாங்கு. சூடு அதிகமானால் காற்றை அடைத்து வை, மெதுவாக எரியும். விறகும் மிச்சம்

பெரியப்பா: கவி, அவன் பேச்சைக் கேட்காதே. நான் 22 வருடம் தோட்டத்து ஸ்மோக் ஹவுஸில் நெருப்புப் போட்டவன். ரப்பர் ஷீட்டுக்கு 50, 60 டிகிரி சூடு, அதற்கு மேல் ஏறினால் ஷீட் கொப்புளம் போடும், கீழே இறங்கினால் காயாது. ஒரு மழை நாளில் புதுக் கையாள் ஒருவன் ஈரமான பால்மர விறகை வாய் வரை அடைத்துவிட்டு, சூடு ஏறுகிறது என்று காற்றுக் கதவைச் சாத்திவிட்டுத் தூங்கப் போய்விட்டான். விடியற்காலை 4 மணிக்கு நான் போய்ப் பார்த்தால் நெருப்பே இல்லை, புகை மட்டும் புரளுகிறது, புகைக்குழாய் மூட்டிலிருந்து கரும்பாகு மாதிரி கறுப்பாகச் சொட்டுகிறது. என் கைலியில் பட்டது மண்ணெண்ணெய் போட்டும் போகவில்லை, உன் பெரியம்மா கடைசியில் அதை அடுப்படித் துணியாக்கிவிட்டாள். அந்தத் தார் குழாய்க்குள் படிந்துகொண்டே போய் ஒரு நாள் தீப்பிடித்தால் புகைக்கூண்டே எரியும். பெரிய அடுப்பை வாங்கிக் கழுத்தை நெரித்து எரிப்பதை விடச் சின்ன அடுப்பைத் தாராளமாகக் காற்றுக் கொடுத்து எரிப்பதுதான் சரி. முதலில் ஹால் அளவு சொல்

தினேஷ்: 🙏 படித்து முடித்தேன்

முருகேசு சித்தப்பா: ஸ்மோக் ஹவுஸ் கதை 300வது தடவை

கவி: 5 மீட்டர், 4 மீட்டர், உயரம் 2.4. பழைய கல் வீடு, ஜன்னல் மட்டும் புதிது

பெரியப்பா: 48 கன மீட்டர்

கவி: அதைத்தான் இங்கே வகுக்கச் சொல்கிறார்கள். சூடு நன்றாகத் தங்கும் வீடு என்றால் 20ஆல், சுமார் என்றால் 15ஆல், சூடு நிற்காத வீடு என்றால் 10ஆல். எங்கள் வீடு கடைசி ரகம்தான். அப்படிப் பார்த்தாலும் 4.8

பெரியப்பா: பிறகு எங்கிருந்து 8 வந்தது?

அம்மா: விலை கூட இருக்கும்

கவி: ஹால் கதவைத் திறந்து வைத்தால் மாடிக்கும் சூடு போகும் என்றார். ஆனால் 5க்கு மேல் போனால் எங்கள் வீட்டுச் சுவரில் எப்போதும் திறந்திருக்கும் காற்றுத் துளை ஒன்று வைக்க வேண்டுமாம்

தினேஷ்: குளிருக்கு அடுப்பு வாங்கி, அடுப்புக்காகக் குளிரை உள்ளே விடுவதா 😂

சரசு அத்தை: அண்டா?

முருகேசு சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சரசு அத்தை: என்ன தம்பி எழுதினாய்?

முருகேசு சித்தப்பா: ஒன்றுமில்லை. தவறாக அமுக்கிவிட்டேன்

சரசு அத்தை: அப்பாவின் அண்டா 2011இல் உன் மகள் கல்யாணத்துக்குப் போனது

பெரியப்பா: அந்தக் கல்யாணத்தில்தான் சோறு அடிப்பிடித்தது. அண்டாவுக்குத் தக்க நெருப்பு வேண்டும், செங்கல்லை அகலமாக வைத்துக் காட்டுத்தீ மாதிரி போட்டால் அப்படித்தான்

முருகேசு சித்தப்பா: நெருப்புப் போட்டது யார் அண்ணா? நீங்கள்தான்

அம்மா: சரி சரி

கவி: பெரியப்பா, விறகு எவ்வளவு ஆகும்?

பெரியப்பா: விறகின் ஈரத்தைப் பொறுத்தது

கவி: 20 சதவீதத்துக்குள்தான். அதற்கு மேல் ஈரமான விறகைச் சின்ன மூட்டையாக விற்கவே இங்கிலாந்தில் 2021இலிருந்து தடை. ஒரு கிலோவில் சுமார் 4 கிலோவாட் மணி சூடு இருக்குமாம்

பெரியப்பா: அப்படியென்றால் அடுப்பு அதில் 80 சதவீதம் கொடுத்தால், 5 கிலோவாட்டுக்கு மணிக்கு ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். மாலை 4 மணி நேரம் எரித்தால் ஆறு கிலோவைத் தாண்டும். விறகை எங்கே அடுக்குவாய்? கூரை இருக்கிறதா? பக்கத்தில் காற்று போக வேண்டும், பிளாஸ்டிக்கால் மூடிக் கட்டினால் உள்ளேயே வியர்க்கும்

கவி: பின்புறம் கொட்டகை இருக்கிறது. நாளை அளந்து சொல்கிறேன்

அம்மா: புகை வாசனை தலைமுடியில் ஒட்டுமா? எனக்கு ஆஸ்துமா என்று மறந்துவிட்டாயா?

கவி: அம்மா, கதவு கண்ணாடி, மூடியே இருக்கும். விறகு போடும்போது மட்டும் திறப்போம், அப்போது நீங்கள் தள்ளி உட்காருங்கள். வாசனையே இல்லாத விஷவாயு கசிந்தால் கத்துகிற அலாரமும் மாட்டியாக வேண்டும்

அம்மா: அப்படியென்றால் ஹீட்டரே போதுமே

தினேஷ்: அத்தை 😭

முருகேசு சித்தி: சரசு, அண்டா எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. பின்னால் மழைத்தண்ணீர் பிடிக்க வைத்திருக்கிறோம். இவர் சொல்ல மாட்டார்

சரசு அத்தை: 13 வருடமா???

பெரியப்பா: அடியில் ஓட்டை இருக்கிறதா என்று தண்ணீரைக் கொட்டிவிட்டு வெயிலில் தூக்கிப் பார்

முருகேசு சித்தப்பா: தண்ணீர் நிற்கிறதே அண்ணா, ஓட்டை எப்படி இருக்கும்

தினேஷ்: கேட்டரிங்காரரிடம் 200 ரிங்கிட் முன்பணம் கட்டிவிட்டேன்

சரசு அத்தை: அவர்கள் சோறு, குழம்பு, வடை, பாயசம் செய்யட்டும். கறி நாம்தான்

பெரியப்பா: கவி, வியாழக்கிழமைக்குள் 5 என்று சொல்லிவிடு. அந்தக் கடைக்காரர் மறுபடி 8 என்றால் என்னிடம் பேசச் சொல்

கவி: அவருக்குத் தமிழ் தெரியாது பெரியப்பா

பெரியப்பா: நெருப்பு தெரியுமா?