லாங்போர்டு ஸ்லைடுக்கு உழைக்கும் முட்டி பேட் எது?

வணக்கம் நண்பர்களே. லாஸ்பேட்டை பக்கம் ஒரு சின்னச் சரிவில் வெயில் ஏறும் முன் லாங்போர்டு ஸ்லைடு பழகுகிறோம், அதாவது நீளமான ஸ்கேட்போர்டைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டு வேகத்தைக் குறைப்பது. புதுச்சேரி தட்டையான ஊர். நிஜமான இறக்கம் வேண்டுமென்றால் ஏற்காடோ ஏலகிரியோதான். பக் எனும் பிளாஸ்டிக் வில்லை ஒட்டிய கையுறையைத் தரையில் ஊன்றிச் செய்யும் கோல்மன் ஸ்லைடில் பின்கால் முட்டி தார்ச்சாலையில் உரசுகிறது. சாதாரண ஸ்கேட்டிங் பேட் இதற்குத் தாங்குவதில்லை. முதலில் ரிவெட் தலை தேய்கிறது, அப்புறம் பிளாஸ்டிக் ஓடே கழன்று தொங்குகிறது. துணி கிழிந்தால் டெய்லரிடம் கொடுக்கலாம், ஓட்டுக்கு எங்கே போவது?

அதனால் ஓட்டை மட்டும் மாற்றக்கூடிய ரகம் பார்க்கிறேன். 187 கில்லர் பேட்ஸ் என்ற பிராண்டில் மாற்று ஓடு தனியாக விற்கிறார்கள். அதைத் தார்ச்சாலையில் உரசிப் பார்த்தவர்கள் யாராவது உண்டா? ஸ்கேட் பார்க் அனுபவம் இதற்குச் சரிவராது. வழவழ கான்கிரீட் ஓட்டை அவ்வளவு தின்னாது.

இன்னொரு தொல்லை வேர்வை. நம் கடற்கரைப் புழுக்கத்தில் பேட் கெண்டைக்கால் வரை இறங்கிவிடுகிறது. காலை நுழைத்து மாட்டும் உறை வகையா, பின்பக்கம் வெல்க்ரோ வைத்துத் திறக்கும் வகையா, எது நகராமல் நிற்கும்? மாற்று ஓடு இந்தியாவிலேயே கிடைத்தால் இடம் சொல்லுங்கள். வரவழைத்தவர்கள் சுங்கவரியோடு மொத்தம் எவ்வளவு ஆனது என்றும் சொன்னால் நல்லது.