அப்பாவின் தசைத் துடிப்பு: ரத்தப் பரிசோதனை பற்றி யாருக்காவது தெரியுமா?

மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். குறுவை நடவின்போது அப்பாவுக்குக் கெண்டைக்காலில் குரக்கு இழுக்கத் தொடங்கியது. சேற்றில் நிற்பதால்தான் என்று நல்லெண்ணெய் தேய்த்துவிட்டோம். இப்போது சம்பா கதிரே முற்றிவிட்டது, வலி போகவில்லை. தூக்கத்தில்கூட தோலுக்கு அடியில் புழு நெளிவதுபோல் தசை துடிக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தேன். மண்வெட்டியை இறுக்கிப் பிடித்தால் விரல்களை உடனே விரிக்க முடிவதில்லை. வியர்வை வேறு, சட்டையைப் பிழியலாம்.

கால்சியம், மெக்னீசியம், தைராய்டு எல்லாம் சரியாக இருக்கின்றன. முதலில் காட்டிய இடத்தில் வாழைப்பழம் சாப்பிடச் சொல்லி அனுப்பிவிட்டார்கள் (வாழை போட்டிருக்கிற ஆளிடம்!). அப்புறம் தஞ்சாவூரில் நரம்பு மருத்துவர் தசையில் ஊசி குத்தி ஈஎம்ஜி (தசையின் மின் ஓட்டத்தைப் பார்க்கும் சோதனை) எடுத்துவிட்டு, ஐசக்ஸ் சிண்ட்ரோம் என்ற நரம்பு நோயாக இருக்கலாம் என்றார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பிலுள்ள பொட்டாசியம் வாயில்களை ஒட்டிய புரதங்களைத் தாக்குமாம். நரம்பு ஓயாமல் தசையை ஏவிக்கொண்டே இருக்குமாம். காஸ்பர்2, எல்ஜிஐ1 என்ற அந்தப் புரதங்களைத் தாக்கும் ஆன்டிபாடி (எதிர்ப்புப் பொருள்) ரத்தத்தில் இருக்கிறதா என்ற பரிசோதனையும், நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க நெஞ்சு சிடி ஸ்கேனும் எழுதியிருக்கிறார். கார்பமாசெபின் மாத்திரையில் துடிப்பு கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

இந்த ஆன்டிபாடி பரிசோதனைக்குக் கும்பகோணத்திலோ திருச்சியிலோ ரத்தம் எடுக்கிறார்களா? எவ்வளவு ஆகும்? யார் வீட்டிலாவது இந்த நோய்க்குப் பிளாஸ்மா மாற்று சிகிச்சை (ரத்தத்தின் நீர்ப்பகுதியை எடுத்துவிட்டு மாற்றுவது) செய்திருந்தால், எத்தனை நாள் தங்க வேண்டியிருந்தது என்று சொல்லுங்கள். அறுவடை முடியாமல் படுக்க மாட்டேன் என்கிறார் அப்பா.