ஹெட்லைட் மஞ்சள்: பேஸ்ட் போட்டும் திரும்பத் திரும்ப வருகிறது

நெல்லைச்சாலை:
2012 ஸ்விஃப்ட், சாதா எச்4 ஹாலஜன் ஹெட்லைட். இரண்டு லென்ஸும் மஞ்சள் பூத்துவிட்டது. இடது பக்கம் ரொம்ப மோசம், அதுவும் மேல் பாதி. டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிறது, சில வாரத்தில் பழையபடி. வண்டி நிற்பது திறந்த வெளியில், ஷெட் கிடையாது. பக்கத்து வாட்டர் வாஷ் கடையில் "ஆவி பிடித்துத் தருகிறோம், பத்து நிமிஷ வேலை" என்கிறார்கள். அது நல்லதா? நானே வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) போடலாமா? போட்டால் எந்த நம்பரில் தொடங்கி எதில் நிறுத்துவது?

பட்டறைக்குறிப்பு:
சார், பேப்பரைத் தொடுவதற்கு முன் லென்ஸ் மேல் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது தெளிந்து தெரிந்தால் கோளாறு வெளிப்பரப்பில்தான், தேய்த்தால் போகும். ஈரத்திலும் மங்கலாகவே இருந்தால் உள்பக்கம் தூசியோ ஈரமோ சேர்ந்திருக்கிறது. பின்னால் பல்பைச் சுற்றியுள்ள ரப்பர் மூடி கிழிந்திருக்கிறதா பாருங்கள். பல்பைக் கழற்றும்போது ரிஃப்ளெக்டரையும் (பல்புக்குப் பின்னால் ஒளியைத் திருப்பும் வெள்ளிக் கிண்ணம்) ஒரு பார்வை. 60/55 வாட் இருக்க வேண்டிய இடத்தில் 100/90 போட்டு ஓட்டிய வண்டி என்றால் வெள்ளிப் பூச்சு கருகியிருக்கும். அப்புறம் லென்ஸை என்ன பளபளப்பாக்கினாலும் ரோட்டில் வெளிச்சம் விழாது.

பேஸ்ட் ஏன் நிற்கவில்லை என்றால், லென்ஸ் பாலிகார்பனேட். வெயிலின் புற ஊதாக் கதிரை அது தாங்காது. அதனால்தான் கம்பெனியிலேயே மேலே ஒரு கெட்டியான பூச்சு கொடுக்கிறார்கள். அந்தப் பூச்சு சிதைந்த இடத்தில்தான் மஞ்சள். மேல் பாதி வானத்தைப் பார்த்து இருப்பதால் அங்கே முதலில் வரும். இடது பக்கம் அதிகம் என்றால் வண்டியை எந்தத் திசையில் நிறுத்துகிறீர்கள் என்று யோசியுங்கள். பேஸ்டில் இருப்பது வெறும் சுரண்டும் தூள். மஞ்சளோடு மிச்சமிருக்கும் பூச்சையும் அது கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடுகிறது.

ஆகவே தேய்ப்பது பாதி வேலைதான். மேலே என்ன பூசப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள், நிறுத்த வேண்டிய நம்பர் அதைப் பொறுத்தது. மெழுகோ சீலன்டோ மட்டும் என்றால் 800, 1000, 1500, 2000, 3000 என்று போய், கடைசியில் காம்பவுண்ட் (மெருகேற்றும் பசை) போட்டு மெருகேற்ற வேண்டும். அது மாதக்கணக்கில்தான் நிற்கும். ஹார்ட்னர் (இறுக வைக்கும் திரவம்) கலந்த 2கே கிளியர், அதாவது இரண்டு பாகம் சேர்ந்து இறுகும் நிறமில்லாப் பூச்சு, அடிப்பதென்றால் 1500இலேயே நிறுத்துங்கள், காம்பவுண்ட் பக்கமே போகாதீர்கள். மெல்லிய கீறல்களைக் கிளியரே நிரப்பிவிடும். பளபளவென்று மெருகேற்றிய லென்ஸில் கிளியருக்குப் பிடிமானம் கிடைக்காது, தோல் உரிவது போல உரியும்.

தேய்க்கும் முறை: பம்பர், பானெட் ஓரத்தில் மாஸ்கிங் டேப் இரண்டு அடுக்கு. ஒரு லிட்டர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு. பேப்பரைக் கால் மணி நேரம் அதில் ஊறவிடுங்கள். 800இல் முதலில் வழியும் தண்ணீர் மஞ்சளாக இருக்கும், பிறகு வெள்ளையாகும். வெள்ளையானதும் நிறுத்திவிடாதீர்கள். துடைத்துக் காயவிட்டுப் பாருங்கள். பழைய பூச்சு ஆங்காங்கே திட்டுத் திட்டாக நிற்கும். லென்ஸ் முழுக்க ஒரே சீரான மங்கல் வரும்வரை அடுத்த நம்பருக்குப் போகக் கூடாது. ஒரு நம்பர் கிடைமட்டம் என்றால் அடுத்தது செங்குத்து. முந்தைய கோடுகள் மறைந்ததா என்று அப்போதுதான் தெரியும். பெரும்பாலும் வேலை கெடுவது 800இல் அவசரப்படுவதால்தான்.

கொங்குக்கார்:
மேல சொன்னது சரிங்க. ஆவி மேட்டருக்கு வர்றேன். அந்தச் சூடு பண்ற கப்புல ஊத்துறது தண்ணி இல்லீங்க, பாலிகார்பனேட்டைக் கரைக்கிற குளோரின் கரைப்பான், மெத்திலீன் குளோரைடு மாதிரி. லென்ஸோட மேல்தோல் லேசா உருகி ஓடி, கீறல் மூடிக்குது. அன்னைக்குப் பாத்தா புதுசாட்டம் இருக்கும். ஆனா உருகி மூடினதும் அதே பிளாஸ்டிக் தானுங்களே, வெயிலைத் தடுக்க மேல ஒண்ணுமில்லை. கை கொஞ்சம் நின்னுட்டா வழிஞ்ச தடம் விழும், ஓரத்துல வெடிப்பும் வரும். அந்த ஆவியை மூச்சுல இழுத்தா உடம்புக்குள்ள கார்பன் மோனாக்சைடா மாறுது, அதனால மூடின ஷெட்டுக்குள்ள பண்ற கடைப் பக்கம் நிக்காதீங்க.

கொசு விரட்டி கிரீம், பெட்ரோல், தின்னர்னு வீடியோல காட்டுறது எல்லாம் இதே கதைதான். துடைக்கிறதுக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதும்.

நெல்லைச்சாலை:
தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். வலது பக்கம் முழுசாகத் தெளிகிறது. இடது பக்கம் மேல் மூலையில் மட்டும் ஈரத்திலும் மெல்லிய வலை மாதிரி வெடிப்பு தெரிகிறது. ரிஃப்ளெக்டர் இரண்டும் நன்றாக இருக்கிறது. 2கே ஸ்ப்ரே கேன் வீட்டில் அடிக்கலாமா?

பட்டறைக்குறிப்பு:
வலது பக்கத்துக்கு அடிக்கலாம். ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற, நுரையீரலைக் கெடுக்கும் ரசாயனம் இருக்கிறது, துணி மாஸ்க் உதவாது. பெயின்டர்கள் போடும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க், கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும்; வேலை வெளியில், நிழலில். கேனின் அடியில் உள்ள பின்னை அழுத்தி ஹார்ட்னரை உடைத்துவிட்டு இரண்டு நிமிஷம் நன்றாகக் குலுக்குங்கள். உடைத்த கேனை மறுநாளுக்கு வைக்காதீர்கள், உள்ளேயே இறுகிவிடும்.

ஆல்கஹாலில் துடைத்த பிறகு லென்ஸைக் கையால் தொடக் கூடாது. 20 செ.மீ. தள்ளி, முதல் கோட் தூவின மாதிரி மெல்லிசாக. பத்து நிமிஷம் விட்டு அடுத்தது, அப்புறம் ஒன்று. முதல் கோட்டிலேயே பளபளப்பு வர வேண்டும் என்று அடித்தால் வழியும். கிளியர் இன்னும் பிசுக்கென்று இருக்கும்போதே டேப்பை உரித்துவிடுங்கள். காய்ந்த பிறகு இழுத்தால் ஓரம் பெயர்ந்து வரும். மழை ஈரம் உள்ள நாளில் வேண்டாம், கிளியர் வெளுக்கும் அல்லது பொடிக்குமிழ் விடும். ஹார்ட்னர் இல்லாத சாதா லாக்கர் ஸ்ப்ரேயை ஹார்டுவேர் கடையில் தலையில் கட்டுவார்கள், வாங்காதீர்கள். அது வெயிலில் செதில் செதிலாக வரும்.

இடது பக்க வெடிப்பு பிளாஸ்டிக்குக்குள் இறங்கிவிட்டது. தேய்க்கத் தேய்க்க லென்ஸ் மெலியுமே தவிர வெடிப்பு போகாது. சின்ன மூலைதான், டிம் வெளிச்சத்தை மறைக்கவில்லை என்றால் அப்படியே கிளியர் அடித்து ஓட்டலாம். இரவில் டிம் லைட்டைச் சுவரில் அடித்து, வெட்டுக்கோடு (வெளிச்சம் முடிந்து இருட்டு தொடங்கும் கோடு) வலது பக்கத்தைப் போலவே தெளிவாக விழுகிறதா பாருங்கள். சிதறினால் அந்த ஒரு பக்கத்தை மட்டும் மாற்றுங்கள்.

கொங்குக்கார்:
மாத்துறதா இருந்தா வெளி மார்க்கெட் லைட்டுல பூச்சு பெரும்பாலும் மெல்லிசுங்க. மாட்டுறதுக்கு முன்னாடியே பிபிஎஃப் ஃபிலிம் (பெயின்ட்டைக் காக்க ஒட்டுற தெளிவான பிளாஸ்டிக் ஃபிலிம்) ஒட்டிருங்க. கழட்டின லைட்டுல ஒட்டுறதுதான் சுலபம், ஓரத்தைப் பின்னால மடிச்சு விட்டுக்கலாம். மாட்டினப்புறம் ஃபோகஸ் செட் பண்ண மறந்துராதீங்க, எதிர்ல வர்றவங்க திட்டுவாங்க.