பொருள்: ரம்ப மேசையோடு ஒட்டும் ரவுட்டர் டேபிள் – தமிழில் என்ன? (அவசரம்)

அனைவருக்கும் வணக்கம். மாணவர்களுக்கான தச்சுக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கடைசிப் பாடத்தில் மாட்டிக்கொண்டேன். டேபிள் சா என்னும் ரம்ப மேசையின் ஒரு பக்கத்து இரும்புப் பலகையைக் கழற்றிவிட்டு, 18 மி.மீ. எம்.டி.எஃப். (மரநார் அழுத்திய பலகை) இரண்டை ஒட்டி, மேலே மைக்கா போட்டு, அதே போல்ட் துளைகளில் மாட்டுகிறோம். அடியில் ரவுட்டர், அதாவது மரத்தில் பள்ளம் எடுக்கும் மின்கருவி, தலைகீழாகத் தொங்கும். அதன் சுழலும் வெட்டுமுனையான பிட் மட்டும் மேலே எட்டிப் பார்க்கும். ரம்ப மேசையின் ஃபென்ஸே (கட்டையை நேராக ஓட்ட வைக்கும் தடுப்பு) இரண்டுக்கும் ஆகும், தனி மேசைக்கு இடம் தேட வேண்டாம். முதல் வரைவில் ‘திசைவி மேசை நீட்டிப்பு’ என்று எழுதியிருந்தேன். படித்த பையன், “சார், பட்டறைக்கு வைஃபை எதுக்கு?” என்றான்.

– கையேட்டு மொழிபெயர்ப்பாளர்

*

திசைவி வலையமைப்புக்காரர்கள் சொத்து. அது வழி காட்டுவது. இந்த ரவுட்டருக்கு வேரே வேறு: பன்றி மூக்கால் நிலத்தைக் கிளறுவதைச் சொல்லும் ஆங்கில வினை. கிளறுவது என்றதும் புறநானூறு 168 நினைவுக்கு வர வேண்டாமா? காந்தள் கிழங்கு மிளிரக் ‘கிண்டி’க் கேழல் உழுத பூழி! 2000 ஆண்டாகச் சொல் காத்துக் கிடக்கிறது. ரவுட்டர் = கிண்டி. பன்றியின் மருப்பைக் கோடு என்றும் சொல்வதுண்டு. பிட்டுக்குக் ‘கோடு’ என்றே வைக்கலாம்.

– ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

*

ஐயா, அந்தப் பாட்டில் கிண்டி வினையெச்சம். மண்வெட்டி போல இகர விகுதி சேர்த்துக் கருவிப்பெயர் ஆக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் ‘கிண்டி மேசை’ என்றால் கிண்டி தொழிற்பேட்டையில் வாங்கியதா என்பார்கள். ‘கோட்டை இறுக்கமாக மாட்டு’ என்று எழுதினால் பையன் எந்தக் கோட்டையை மாட்டுவான்?

– ஐ.டி.ஐ. பயிற்றுநர்

*

முதலில ரம்பத்தைப் பாருங்கோ. எங்கட பக்கம் வாள்தான். மேசைவாள் எண்டால் ஆருக்கும் விளங்கும். வாள் சண்டைக்கு மட்டும் எண்டு நினைக்கிறவை குறள் 334 பார்க்கலாம்: நாள் எண்டதை ‘உயிர் ஈரும் வாள்’ எண்டுதானே வள்ளுவர் சொல்லுறார்.

– யாழ்ப்பாணத்திலிருந்து

*

பெரியவங்க மன்னிக்கணும். பட்டறையில யாரும் கிண்டறதில்ல. நீளமா பள்ளம் வெட்டறதை “காடி எடு”ன்னு சொல்வோம், அவ்வளவுதான். ரவுட்டரை ரவுட்டர்னே எழுதுங்க. பேரை விட முக்கியமானது ஒண்ணு இருக்கு, அதைப் பெரிய எழுத்துல போடுங்க: ரெண்டு மேசையும் ஒரே மட்டத்துல இருக்கணும். இரும்புப் பட்டியை நெடுக்க வச்சுப் பாத்துட்டுத்தான் போல்ட்டை முறுக்கணும். சேர்ற இடத்துல காகிதக் கனம் தூக்கியிருந்தாலும் கட்டை முட்டி நிக்கும். நின்ன இடத்துல பிட் கருக்கிடும். ஒரு தேக்குச் சட்டம் எனக்கு அப்படித்தான் போச்சு. பிட் சுத்துறதுக்கு எதிராத்தான் தள்ளணும். கூடவே தள்ளினா கட்டையைப் பிடுங்கிக்கிட்டு ஓடும், கை பின்னாலயே போகும்.

– தச்சு வேலை செய்பவன்

*

காடி நல்ல சொல். எங்கள் ஊரில் மாட்டுக்குத் தீனி போடும் தொட்டியும் காடிதான், கல்யாண வீட்டில் நீளமாக வெட்டுவது காடி அடுப்பு. நீளப் பள்ளம் எல்லாவற்றிலும் இருக்கிறது. ‘நீட்டிப்பு’ வேண்டாம், பதவிக்காலம் மாதிரி ஒலிக்கிறது. வீட்டை ஒட்டித் திண்ணை இருப்பதுபோல இது ரம்பத்தை ஒட்டிய திண்ணை. காடித் திண்ணை?

– தருமபுரிக்காரி

*

திண்ணையில் உட்கார்ந்துவிடப் போகிறான்! வீட்டை ஒட்டி இறக்கும் கூரை மாதிரி ‘சார்ப்பு’ என்று போடுங்கள்.

– ஐ.டி.ஐ. பயிற்றுநர்

*

வியாழன் இரவு 11.40. திண்ணைக்கு ஐந்து பேர், சார்ப்புக்கு இருவர், மற்றவர்கள் தூங்கிவிட்டார்கள். ‘ரம்ப மேசையின் காடித் திண்ணை’ என்று எழுதி, முதல் முறை வரும் இடத்தில் ‘ரவுட்டர் டேபிள் என்பார்கள்’ என்றும் சேர்த்துவிட்டேன். மட்டம் பார்ப்பதும் தள்ளும் திசையும் கட்டம் கட்டிப் பெரிய எழுத்தில். வாள் அடுத்த பதிப்பில்.

– கையேட்டு மொழிபெயர்ப்பாளர்

*

காடி என்றால் புளித்த கஞ்சியும்தான் என்பதைப் பதிவு செய்கிறேன். கிண்டியைச் சொல்லடைவிலாவது சேர்க்கலாம். அது கிடக்கட்டும், ஃபென்ஸுக்கு என்ன போட்டீர்கள்? ‘வேலி’ என்று மட்டும் இருக்காது என நம்புகிறேன்.

– ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

*

வேலிதான் ஐயா. கோப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது.