1/35 அளவில் பெர்லின் தெரு, 1945: இடிபாடு ஏன் இடிபாடாகத் தெரியவில்லை?

அரைச்சுவர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 1945 ஏப்ரல் இறுதி வாரத்தில் பெர்லின் நகரத்தின் ஒரு குடியிருப்புத் தெரு எப்படி இருந்திருக்கும் என்பதை 1/35 அளவில் டயோரமாவாக, அதாவது ஒரு சிறிய காட்சி மாதிரியாகச் செய்து வருகிறேன். அடிப்பலகை 40 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் கொண்டது. அதன் பின்விளிம்பை ஒட்டி எக்ஸ்.பி.எஸ். எனப்படும் அடர்ந்த பாலிஸ்டைரீன் நுரைப்பலகையில் வெட்டிய இரண்டு மாடிச் சுவர் ஒன்று நிற்கிறது. அதற்கு முன்னால் தெருவின் நடுவே டி-34/85 என்ற சோவியத் டாங்கி ஒன்றும், அதைச் சுற்றிப் பன்னிரண்டு வீரர்களும் இருக்கிறார்கள். டாங்கி எனக்கு நிறைவாகவே வந்திருக்கிறது.

சிக்கல் இடிபாட்டில்தான். நுரைப்பலகையில் 10 மி.மீ. நீளம், 5 மி.மீ. அகலம், 4 மி.மீ. உயரத்தில் ஏறக்குறைய முந்நூறு செங்கற்களை வெட்டி, மணலோடு கலந்து, தெரு முழுவதும் ஒரே சீராகத் தூவி வெள்ளைப் பசையால் ஒட்டினேன். பிறகு எல்லாவற்றின் மீதும் சாம்பல் நிறம் அடித்து, வெள்ளையில் உலர் தூரிகை இழுத்தேன் (நிறத்தைப் பெரும்பாலும் துடைத்த தூரிகையால் மேடுகளை மட்டும் தடவுவது). எவ்வளவு நேரம் பார்த்தாலும் அது குண்டு விழுந்த தெருவாகத் தெரியவில்லை. ஜல்லி கொட்டி வைத்த இடத்தில் டாங்கியை நிறுத்தியது போலத்தான் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் செங்கல் வெட்டிச் சேர்த்தால் சரியாகுமா, அல்லது பிழை வேறெங்கோ இருக்கிறதா என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழங்கரணை எழுதியது:

செங்கல் சேர்ப்பதற்கு முன்னால் செங்கல்லின் அளவைப் பாருங்கள். அக்காலத்து ஜெர்மன் செங்கல் 25 செ.மீ. நீளம், 12 செ.மீ. அகலம், 6.5 செ.மீ. உயரம் உடையது. அதை 35ஆல் வகுத்தால் ஏறத்தாழ 7.1, 3.4, 1.9 மி.மீ. வரும். நீங்கள் வெட்டியிருப்பது நிஜத்தில் 35 செ.மீ. நீளமும் 14 செ.மீ. உயரமும் உள்ள ஒரு கல். ஒரு வீரன் ஒரு கையால் தூக்க வேண்டிய செங்கல், அவன் இரு கைகளாலும் அணைத்துத் தூக்க வேண்டிய பாறையாகிவிட்டது. ஜல்லி போலத் தெரிவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

மறுபாதிக் காரணம் கொஞ்சம் ஆழமானது. இடிபாடு என்பது தெருவின் மேல் தூவுகிற அலங்காரம் அல்ல. அது ஒரு கட்டடத்தின் கணக்கு. மேலே எது இல்லையோ அது கீழே கிடக்க வேண்டும். உங்கள் சுவரில் 10 செ.மீ.க்கு 10 செ.மீ. அளவில் ஓர் ஓட்டை இருப்பதாக வைத்துக்கொள்வோம். நிஜத்தில் அது மூன்றரை மீட்டருக்கு மூன்றரை மீட்டர், அதாவது பன்னிரண்டு சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். அந்த வீடுகளின் மேல்மாடிச் சுவர் ஒன்றரைக் கல் கனம், 38 செ.மீ. என்று எடுத்துக்கொண்டால், ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ நூற்றைம்பது செங்கல் பிடிக்கும். எனவே அந்த ஒற்றை ஓட்டைக்கு மட்டும் ஆயிரத்து எண்ணூறு செங்கல் எங்கேயோ போயாக வேண்டும். நீங்கள் முந்நூறை வெட்டித் தெரு முழுக்கப் பரப்பியிருக்கிறீர்கள். விழுந்தது எல்லா இடத்திலும் சமமாக விழாது. சுவரின் அடியில் சரிந்து குவிந்து, தெருவை நோக்கி வர வர மெலிந்து, கடைசியில் நடைபாதை விளிம்பைத் தாண்டிச் சில துண்டுகளும் தூசியுமாக முடியும்.

ஆயிரத்து எண்ணூறையும் வெட்டச் சொல்கிறேன் என்று பயப்பட வேண்டாம். குவியலின் உடலை நுரைத் துண்டுகளால் அமைத்து, அதன் மேல் பாரிஸ் சாந்தை (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) பூசி, மேல்தோலுக்கு மட்டும் செங்கல் பதித்தால் போதும். அந்தச் செங்கல்லையும் நுரையில் வெட்டாமல் சாந்திலேயே வார்த்துப் பாருங்கள். தண்ணீரில் பொடியைத் தூவிக் கரைத்து (பொடியில் தண்ணீர் ஊற்றினால் கட்டி விழும்), செங்காவி நிறப் பொடி கலந்து, கண்ணாடித் தகட்டின் மேல் 2 மி.மீ. கனத்தில் பரப்பி, இறுகி வரும்போது கட்டமாகக் கீறி வைத்து, காய்ந்ததும் உடைத்தெடுங்கள். நிறம் உள்ளே வரை இருப்பதால் முறிந்த முகமும் சிவப்பாகவே இருக்கும். முறிவும் கத்தியால் வெட்டியது போல இல்லாமல் உண்மையான முறிவாக இருக்கும். மீந்த சாந்தைக் கழுவும் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். குழாய்க்குள் இறுகிக்கொண்டால் பிறகு குழாயைத்தான் மாற்ற வேண்டும். இதை ஒருமுறை செய்து கற்றவன் சொல்கிறேன்.

இன்னொன்று. அந்த வீடுகள் கான்கிரீட் கட்டடங்கள் அல்ல. சுமை தாங்கும் செங்கல் சுவர்களுக்கு இடையில் மர உத்தரங்களைக் கிடத்தி, அவற்றின் மேல் பலகைத் தளம் போட்டவை. தீக்குண்டு விழுந்தால் தளங்களும் கூரையும் எரிந்து உள்ளுக்குள் விழுந்துவிடும், சுவர் மட்டும் கூடாக நிற்கும். வெடிகுண்டு விழுந்தால் சுவரே பிய்ந்து தெருவுக்கு வரும். உங்கள் வீட்டுக்கு இவ்விரண்டில் எது நேர்ந்தது என்று முதலில் முடிவு செய்யுங்கள். அந்த முடிவு இல்லாமல் ஒரு செங்கல்லையும் ஒட்டக் கூடாது என்பது என் கட்சி. எரிந்த வீடென்றால், சுவரின் உட்பக்கத்தில் உத்தரங்கள் பொருந்தியிருந்த குழிகள் வரிசையாகத் தெரிய வேண்டும். ஒன்றுக்கொன்று 25 மி.மீ. அளவில் இடைவெளி விட்டால் நம்பும்படி இருக்கும். சுவர் முறிந்த விளிம்பும் வளைகோடாகப் போகாமல் செங்கல் வரியைப் பின்பற்றிப் படிப்படியாக இறங்கும்.

தூரிகைத்தடம் எழுதியது:

பழங்கரணை ஐயா சொன்னது கட்டுமானம். நான் நிறத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இடிபாடு சாம்பல் நிறம் என்ற எண்ணம் நமக்குக் கருப்பு வெள்ளைப் புகைப்படங்களிலிருந்து வந்தது. உண்மையில் ஒரு வீடு உடைந்தால் அதற்குள் இருந்த நிறமெல்லாம் வெளியே வருகிறது. முகப்பில் மங்கிய காவியோ சாம்பலோ கலந்த பூச்சு இருக்கும், அது உதிர்ந்த இடத்தில் செங்கல் சிவப்பாகத் தெரியும், உட்சுவரில் அறைக்கு ஓர் அலங்காரத் தாள் ஒட்டியிருக்கும். தளம் போய்விட்ட பிறகும் ஒரு மாடி பச்சை, அதற்கு மேல்மாடி வெளிர்நீலம் என்று பட்டைபட்டையாக அந்தச் சுவரில் தெரிந்தால், அங்கே குடும்பங்கள் இருந்தன என்பதை நீங்கள் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். முதலில் ஒவ்வொரு பொருளுக்கும் அதனதன் நிறத்தைக் கொடுத்து, அதன் பிறகு எல்லாவற்றையும் தூசியால் இணைக்க வேண்டும். தூசி என்பது உதிர்ந்த சுண்ணாம்புச் சாந்தும் செங்கல் பொடியும் கலந்தது. எனவே அது வெளிர்ந்த, இளஞ்சிவப்பு சாயும் மணல் நிறம். அது மேல்நோக்கிய பரப்புகளில் தங்கும், செங்குத்தான பரப்புகளில் அதிகம் தங்காது. உலர்ந்த நிறப்பொடியைத் தூவி, மெல்லிய ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் படியச் செய்தால் போதுமானது. டாங்கியின் மேல்தட்டிலும் அதே தூசி கொஞ்சம் விழ வேண்டும். இல்லாவிட்டால் டாங்கி ஒரு நாளிலும் தெரு இன்னொரு நாளிலும் இருப்பது போலத் தோன்றும்.

புகைக்கரியைச் சுவர் முழுவதும் அடிக்காதீர்கள். நெருப்பு சன்னல் வழியாக வெளியே வந்து மேலே ஏறும். எனவே கரி ஒவ்வொரு திறப்புக்கும் மேற்புறத்தில் நாக்கு போல நீண்டு, மேலே போகப் போக மங்கும். சன்னலுக்குக் கீழே கரி பூசியிருப்பதைக் கண்டால் எனக்கு அந்த மாதிரி முழுவதன் மீதும் நம்பிக்கை போய்விடும். இது என் பலவீனமாகக்கூட இருக்கலாம்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. நுரைப்பலகையின் மேல் ஸ்ப்ரே பெயிண்டை நேரடியாக அடித்தால் அதிலுள்ள கரைப்பான் நுரையைத் தின்றுவிடும். வெள்ளைப் பசையில் அக்ரிலிக் நிறம் கலந்து இரண்டு முறை பூசி, மூலைமுடுக்கெல்லாம் மூடிய பிறகே எனாமல் வாஷ் (கரைப்பானில் நீர்த்த எனாமல் நிறம்) பக்கம் போக வேண்டும்.

மேசைவிளக்கு எழுதியது:

இருவரும் சொன்னதில் எனக்கு வேறுபாடு இல்லை. ஆனால் இந்த மாதிரியின் முதல் சிக்கல் இடிபாடும் அல்ல, நிறமும் அல்ல. இடம் என்றே நினைக்கிறேன். அடிப்பலகையின் 40 செ.மீ. என்பது நிஜத்தில் 14 மீட்டர் மட்டுமே. பழைய பெர்லின் குடியிருப்புகளில் தெருவின் அகலமும் கட்டடத்தின் உயரமும் 22 மீட்டர் வரை வரும். இந்த அளவில் அது 63 செ.மீ. அதாவது ஒரு முழுத் தெரு உங்கள் பலகையில் அடங்காது. இதில் டாங்கி துப்பாக்கிக் குழலோடு சேர்த்து 23 செ.மீ. இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, பன்னிரண்டு வீரர்கள் மிச்ச இடத்தை நிரப்பிவிடுகிறார்கள். தெரு என்று நீங்கள் பெயர் வைத்திருப்பது உண்மையில் ஒரு டாங்கியின் பீடம்.

தெருவின் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு வீட்டின் முகப்பு, நடைபாதை, சாலையின் ஒரு துண்டு. அந்நகரின் நடைபாதையில் நடுவே பெரிய கருங்கல் பலகைகளும் அவற்றின் இருபுறமும் சிறு கற்களும் பதித்திருப்பார்கள். இந்த ஒரு விவரம் சரியாக அமைந்தால், ஊர்ப் பெயர்ப் பலகை எதுவும் தேவைப்படாது. டிராம் தண்டவாளம் போட விரும்பினால் இரண்டு தண்டுகளுக்கும் நடுவே 41 மி.மீ. விட வேண்டும். எல்லாவற்றையும் பலகையின் விளிம்புக்கு இணையாக வைக்காமல் பதினைந்து பாகை அளவுக்குத் திருப்பி வையுங்கள். தெரு பலகைக்கு வெளியேயும் தொடர்கிறது என்று பார்ப்பவரின் கண் தானாக நம்பிக்கொள்ளும்.

ஆழம் வேண்டுமானால் பின்னால் 1/72 அளவில் இன்னொரு சுவரை நிறுத்திப் பார்க்கலாம். தூரம் கூடியது போலத் தெரியும்.

பழங்கரணை எழுதியது:

1/72 சுவர் பற்றி மட்டும் நான் மாறுபடுகிறேன். முன்பக்கம் தவிர மற்றவை மூடிய பெட்டிக்குள் வைத்து ஒரே கோணத்தில் பார்க்கிற காட்சிக்குத்தான் அந்த உத்தி பொருந்தும். சுற்றி நடந்து பார்க்கக்கூடிய மேசையில் வைத்தால், பக்கவாட்டிலிருந்து பார்த்த அடுத்த நொடியே அது பொம்மை வீடாகிவிடும்.

உயரத்தைப் பற்றி ஒன்று. ஐந்து மாடி வீட்டில் கீழ் இரண்டு மாடிகளை மட்டும் காட்டுவதாக இருந்தால், மேலே மூன்று மாடி எங்கே போயிற்று என்ற கேள்வி எழும். எரிந்து உள்ளே விழுந்த வீடு என்று வைத்துக்கொண்டால் விடை எளிது: சன்னல்கள் வழியே பார்க்கும்போது முதல் மாடி மட்டம் வரை உட்புறம் நிரம்பியிருக்க வேண்டும். கரிந்த உத்தரம், வளைந்த குழாய், கட்டில் சட்டம், ஓடு எல்லாம் அதில் இருக்கட்டும். சன்னல் வழியே வானம் தெரிந்தும் கீழே ஒன்றும் கிடக்கவில்லை என்றால் கணக்கு உதைக்கும்.

அரைச்சுவர் எழுதியது:

மூவருக்கும் நன்றி. நேற்று இரவு தெருவிலிருந்த செங்கல் அனைத்தையும் சுரண்டி எடுத்துவிட்டேன். முதலில் வருத்தமாகத்தான் இருந்தது. எரிந்த வீடு என்று முடிவு செய்திருக்கிறேன். சுவரைத் திருப்பி வைத்து, உத்தரக் குழிகளைக் கணக்கிட்டுக் குறித்தாயிற்று. வீரர்களில் நால்வர் மட்டும் மிஞ்சுகிறார்கள். டாங்கியைப் பின்விளிம்பு மூலைக்குத் தள்ளிப் பார்த்தேன். அதன் பாதி பலகைக்கு வெளியே போகிறது. அறுத்துவிடலாமா?

கடைசியாக இன்னொரு கேள்வியும் உண்டு. தெருவில் இறந்தவர்களைக் காட்டுவது சரியாக இருக்குமா?

மேசைவிளக்கு எழுதியது:

நிறைவாகச் செய்த டாங்கியை அறுக்க வேண்டாம். அதை வேறொரு பலகைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது போன இடத்தில் சங்கிலிச் சக்கரத் தடம் மட்டும் இருக்கட்டும். டாங்கி ஏறிப் போன இடத்தில் செங்கல் நொறுங்கிப் பொடியாகி, இரண்டு பட்டைகளாக அழுந்தியிருக்கும். ஓரங்களில் மட்டும் முழுக்கல் ஒதுங்கிக் கிடக்கும்.

இறந்தவர்களைப் பற்றி என் கருத்தை மட்டும் சொல்கிறேன். அங்கே அவர்கள் இருந்தார்கள் என்பது உண்மை. காட்டுவதில் தவறு இல்லை. ஆனால் 5 செ.மீ. உருவத்தில் மரணத்தைக் காட்ட முயன்றால் பெரும்பாலும் சிவப்புப் பெயிண்ட்தான் மிஞ்சுகிறது. அந்த நகரத்தில் குடிநீர்க் குழாய்கள் செயலற்றுப் போனபோது, தெருவோரத்துக் கைப்பம்புகளில்தான் மக்கள் வாளியோடு வரிசையில் நின்றார்கள். நடைபாதையில் ஒரு பம்பும், அதன் அருகே கவிழ்ந்த வாளியும், யாரும் இல்லாத இடமும் என்றால் நான் அந்த மூலையைத்தான் நெடுநேரம் பார்ப்பேன்.

தூரிகைத்தடம் எழுதியது:

வாளியின் உட்புறத்தில் தூசி படிய விடாதீர்கள். அது இப்போதுதான் விழுந்தது என்றால் அதைச் சுற்றித் தரை ஈரமாக, தூசி கறுத்திருக்க வேண்டும். பளபளப்பான வார்னிஷை இரண்டே சொட்டு, மற்ற எல்லா வேலையும் முடிந்த பிறகு வைக்க வேண்டும்.