பசுமைப் பத்திரங்கள்: பெயர் மட்டுமா, பொறுப்பும் உண்டா?

மாட்டுங்கா வாசி:
அனைவருக்கும் வணக்கம். வங்கி ஒன்றின் கருவூலப் பிரிவில் முப்பது ஆண்டுகள் அரசுப் பத்திரங்களை வாங்கி விற்றவன் என்ற முறையில், சுற்றுச்சூழலுக்கு உதவும் திட்டங்களுக்கென்றே கடன் திரட்டும் பசுமைப் பத்திரங்களைப் பற்றி எனக்குள்ள ஐயத்தை மறைக்காமல் முன்வைக்கிறேன். 2023 ஜனவரி 25 அன்று மத்திய அரசு தன் முதல் பசுமைப் பத்திரங்களை ஐந்தாண்டு, பத்தாண்டு என இரண்டு முதிர்வுகளில் மொத்தம் 8,000 கோடி ரூபாய்க்கு விற்றபோது, அதே காலத்துச் சாதாரணப் பத்திரங்களைவிட ஐந்தாறு பேசிஸ் பாயின்ட் (ஒரு பேசிஸ் பாயின்ட் என்பது ஒரு சதவீதத்தில் நூறில் ஒரு பங்கு) குறைந்த வட்டியில் கடன் கிடைத்தது. 'கிரீனியம்' என்று சந்தை கொண்டாடிய இந்தச் சலுகை, கணக்கிட்டுப் பார்த்தால், ஆண்டுக்கு ஐந்து கோடி ரூபாயைக்கூட எட்டவில்லை. அதுவும் நிலைக்கவில்லை. 2024 மே மாத இறுதியில் 6,000 கோடி ரூபாய்ப் பத்திரங்கள் ஏலத்துக்கு வந்தபோது, வந்த கோரிக்கைகள் அனைத்தையும் ரிசர்வ் வங்கி நிராகரித்தது. அடுத்த முயற்சியில் சுமார் 1,697 கோடி ரூபாய்க்கு மட்டுமே விற்றது.

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. திரட்டிய பணம் முழுவதும், அரசின் வரியும் கடனும் சேரும் பொதுக் கணக்கான இந்தியத் தொகுப்பு நிதியில்தான் சேர்கிறது. பல குடங்களில் வந்த நீரை ஒரே தொட்டியில் ஊற்றிய பிறகு, இந்தக் குடத்து நீர்தான் இந்த வயலுக்குப் பாய்ந்தது என்று எவரால் உறுதி கூற முடியும்?

செம்பூர்க்காரி:
ஐயா, நான் மும்பையின் பாந்த்ரா குர்லா வளாகத்தில் கடன் பத்திர ஆய்வில் பணிபுரிகிறேன். தாங்கள் கூறிய எண்கள் சரியானவை. அவற்றிலிருந்து தாங்கள் எட்டும் முடிவைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை. வாங்குவோர் கேட்ட வட்டியைக் கொடுக்க அரசு விரும்பாததால் ஏலம் நின்றது. வெளியீட்டின் அளவு சிறியது, வாங்கியவர்கள் முதிர்வு வரை வைத்துக்கொள்பவர்கள், நடுவில் விற்க நினைத்தால் ஆள் கிடைப்பது அரிது. இந்த நிலையில் குறைந்த வட்டியை யார் ஏற்பார்கள்? இது சந்தையின் ஆழத்தைப் பற்றிய செய்தியேயன்றி, பத்திரத்தின் நோக்கம் பொய் என்பதற்குச் சான்று ஆகாது.

தொட்டி உவமையை மறுக்க மாட்டேன். ஆனால் 2022 நவம்பரில் வெளியான அரசின் செயல்திட்டம், அணுமின் நிலையங்களையும் 25 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நீர்மின் திட்டங்களையும் விலக்கிவிட்டு, தலைமைப் பொருளாதார ஆலோசகர் தலைமையிலான குழுவே திட்டங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வகுத்திருக்கிறது. சாதாரணப் பத்திரத்தில் எந்த வயலுக்கு நீர் போயிற்று என்று கேட்கவே நமக்கு இடமில்லை. இங்கே கேட்க இடமிருக்கிறது.

தொட்டி இல்லாத எடுத்துக்காட்டு வேண்டுமானால் இந்தூரைப் பாருங்கள். அந்த நகரம் குடிக்கும் நர்மதை நீரைத் தாழ்வான கர்கோன் மாவட்டத்திலிருந்து பம்புகளால் மேலேற்றிக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. மாநகராட்சியின் மின் கட்டணத்தில் பெரும் பங்கு இதற்கே போகிறது. அந்தச் சுமையைக் குறைப்பதற்காக ஜலூத் பகுதியில் 60 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைக்க, 2023 பிப்ரவரியில் 8.25 சதவீத வட்டியில் 244 கோடி ரூபாயைப் பொதுமக்களும் பங்கேற்ற வெளியீட்டில் திரட்டினார்கள். என்ன வேலை, எந்த ஊர், எந்தச் செலவு குறையும் என்பது அனைத்தும் கண்ணுக்குத் தெரிகிறது. பம்பு ஓடும் வரை அந்தப் பத்திரத்தின் பயனை எவரும் அளந்து பார்க்கலாம்.

தாராவித் தம்பி:
சகோதரி, இந்தூருக்கு மகிழ்ச்சி. ஆனால் பசுமைக் கடன் என்றாலே சூரிய ஒளி, மின்சார ரயில், மெட்ரோ என்றுதான் பட்டியல் போகிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது மித்தி ஆற்று நீர் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு நின்றது. எனக்கு அப்போது ஒன்பது வயது. பருவநிலை மாற்றத்தின் அடியை முதலில் வாங்குபவர்களுக்கு வேண்டியது மழைநீர் வடிகால். வடிகால் எந்த வருமானமும் ஈட்டாது. வருமானம் இல்லாத வேலைக்கு இந்தச் சந்தை கடன் கொடுக்குமா?

மாட்டுங்கா வாசி:
தம்பியின் கேள்வியே இந்தச் சந்தையின் ஆதாரப் பலவீனம். காசியாபாத் மாநகராட்சி 2021-இல் 150 கோடி ரூபாய்க்கு நாட்டின் முதல் நகராட்சிப் பசுமைப் பத்திரத்தை வெளியிட முடிந்தது. சுத்திகரித்த கழிவுநீரைத் தொழிற்சாலைகளுக்கு விற்க வழியிருந்ததும் அதற்கு ஒரு காரணம். மழைநீரை யாரிடம் விற்பது?

வாக்குறுதி மீறப்பட்டால் என்ன தண்டனை என்பதையும் பார்ப்போம். இலக்கோடு இணைத்த பத்திரங்களுக்கு, அதாவது சொன்ன இலக்கு தவறினால் கூடுதல் வட்டி தர வேண்டிய பத்திரங்களுக்கு, முன்னோடியான இத்தாலியின் எனல் மின் நிறுவனம், 2023-ஆம் ஆண்டுக்கு வைத்த கார்பன் இலக்கைத் தவறவிட்டது. தண்டனையாக உரிய பத்திரங்களின் வட்டி 25 பேசிஸ் பாயின்ட், அதாவது கால் சதவீதம், உயர்ந்தது. முதலீட்டாளருக்கு இலாபம்; காற்றுக்கு என்ன கிடைத்தது?

செம்பூர்க்காரி:
எனல் பற்றித் தாங்கள் கூறுவதை ஒப்புக்கொள்கிறேன். இலக்கு தவறியதால் முதலீட்டாளர் மகிழும் அமைப்பு கோணலானதுதான். அதனாலேயே விதிகள் இறுகி வருகின்றன. பங்கு, பத்திரச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பு 2017-இல் வகுத்த விதிகளை 2023-இல் திருத்தியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பசுமைப் பத்திரத் தரநிலை 2024 டிசம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ளது. எது பசுமை என்று வரையறுக்கும் வகைப்பாட்டின் வரைவை நம் நிதி அமைச்சகம் 2025 மே மாதம் வெளியிட்டது. இவை போதா என்பதில் எனக்கும் ஐயமில்லை.

தம்பிக்கு ஒரு விளக்கம். நகராட்சிப் பத்திரத்தைத் திட்டமே ஈட்டும் வருமானத்தால்தான் அடைக்க வேண்டும் என்பதில்லை. மாநகராட்சி தன் வரி வருவாயின் ஒரு பகுதியைத் தனிக் கணக்கில் ஒதுக்கி, அதிலிருந்து வட்டியும் அசலும் செலுத்துவதே பொதுவான ஏற்பாடு. எனவே வடிகாலுக்கும் பத்திரம் வெளியிடலாம்.

மாட்டுங்கா வாசி:
அப்படியானால் அங்கே கடன் கிடைப்பது மாநகராட்சியின் வரி வசூலை நம்பித்தான். பசுமை என்ற சொல்லால் அன்று. இதைத்தான் முதலிலிருந்தே சொல்கிறேன்.

தாராவித் தம்பி:
ஐயா, மும்பையில் 500 சதுர அடிக்குள் உள்ள வீடுகளுக்கு 2022 முதல் சொத்து வரி இல்லை. எங்கள் பகுதியில் பெரும்பாலான வீடுகள் அதைவிடச் சிறியவை. நகரம் முழுவதும் செலுத்தும் வரியைக் காட்டிக் கடன் வாங்கிவிட்டு, வரி அதிகம் வரும் வார்டுகளில் மட்டும் வடிகால் கட்டினால் எங்களால் என்ன செய்ய முடியும்? பத்திர ஆவணத்தில் வேலை நடக்கும் வார்டின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற விதி ஏதாவது உண்டா, சகோதரி?

செம்பூர்க்காரி:
வெளியிடுபவர் திட்ட விவரங்களையும் பணம் செலவான விதத்தையும் தெரிவிக்க வேண்டும் என்று செபி கோருகிறது. வார்டு அளவில் கேட்பதை நான் கண்டதில்லை, தம்பி. கேட்க வேண்டும் என்று உங்களோடு சேர்ந்து நானும் எழுதித் தருகிறேன்.