லோட்டே லாசர்ஸ்டைனின் ஆவணங்கள்: புதுச்சேரியிலிருந்து எதைக் கேட்டு எழுதுவது?

அரியாங்குப்பம் மாணவி:

அனைவருக்கும் வணக்கம். பாரதியார் பல்கலைக்கூடத்தில் ஓவியம் பயில்கிறேன். ஆய்வேட்டிற்கு லோட்டே லாசர்ஸ்டைன் என்ற ஜெர்மானிய ஓவியரை எடுத்துக்கொண்டிருக்கிறேன். 1898இல் பிறந்து பெர்லின் கலைக்கழகத்தில் பயின்ற இவர், 1930இல் போட்ஸ்டாம் நகரின் மாலைப்பொழுதைப் பின்னணியாக வைத்து, மாடியில் மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் நண்பர்களைப் பெரிய ஓவியமாகத் தீட்டினார். நாஜி ஆட்சியில் அவருடைய ஓவியப் பள்ளி மூடப்பட்டது. 1937 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் கண்காட்சி நடத்தச் சென்றவர் திரும்பவில்லை. 1993இல் ஸ்வீடனின் கால்மர் நகரில் காலமானார். அவருடைய தனிப்பட்ட ஆவணங்கள் பெர்லினிஷே கேலரி என்னும் அருங்காட்சியகத்தின் கலைஞர் காப்பகத்தில் உள்ளன. ஓவியங்கள் இருக்கும்போது காகிதங்கள் எதற்கு என்று உடன் பயில்பவர்கள் கேட்கிறார்கள். காப்பகத்திடம் எதைக் கேட்டு எழுதலாம்? ஆய்வேட்டின் தலைப்பில் அவரை “யூத ஓவியர்” என்று குறிப்பிடலாமா?

மஞ்சக்குப்பம் வாசகர்:

கடலூரில் நெடுங்காலம் பதிவறையில் பணியாற்றியவன் என்ற முறையில் முதல் கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன். கலைஞரின் காகிதக் கட்டு கைக்கு வந்ததும் எல்லோரும் உணர்ச்சி மிகுந்த கடிதங்களைத்தான் முதலில் தேடுவார்கள். என்னைக் கேட்டால், யாரும் புரட்டாத அலுவலகத் தாள்களிலிருந்து தொடங்குங்கள் என்பேன். 1938 ஆகஸ்டில் பிறப்பித்த ஆணையின்படி, நாஜி அரசு வகுத்த யூதப் பெயர்ப் பட்டியலில் இல்லாத முதற்பெயர் கொண்ட யூதப் பெண்கள் யாவரும் 1939 ஜனவரி முதல் ‘சாரா’ என்பதையும், ஆண்கள் ‘இஸ்ரேல்’ என்பதையும் கூடுதல் பெயராகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1938 அக்டோபரிலிருந்து யூதர்களின் கடவுச்சீட்டில் சிவப்பு நிறத்தில் ‘ஜே’ (யூதர் என்பதற்கான ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து) என்ற எழுத்து குத்தப்பட்டது. ஆகவே அந்தக் காலத்து ஜெர்மன் படிவம் ஒன்றில் நாள் அழிந்திருந்தாலும், பெயர் எழுதியிருக்கும் விதத்தைக் கொண்டே அது எப்போதையது என்று ஓரளவு கணித்துவிடலாம். போர்க்கால உறைகளின் ஓரத்தில் தணிக்கைத் துறை பிரித்துப் பார்த்து மீண்டும் ஒட்டிய பட்டை இருக்கும்; கடிதம் எழுதியவர் சிலவற்றை எழுதாமல் விட்டிருக்கலாம் என்பதை அந்தப் பட்டை உணர்த்தும். உள்ளே இருக்கும் கடிதத்தின் நகலோடு உறையின் இரு பக்கங்களின் நகலையும் கேளுங்கள். நகல் அனுப்புவோர் பெரும்பாலும் விட்டுவிடுவது அதைத்தான்.

லாஸ்பேட்டை நூலகர்:

தலைப்பைப் பொறுத்தவரை சற்று நிதானிப்பது நல்லது. லாசர்ஸ்டைன் கிறிஸ்தவராக ஞானஸ்நானம் பெற்றவர். 1935ஆம் ஆண்டின் நூரெம்பர்க் சட்டங்கள் சமய நம்பிக்கையைக் கணக்கில் கொள்ளாமல் பாட்டன் பாட்டிமாரை எண்ணின. மூவர் யூதராயிருந்தால் பேரப்பிள்ளையும் யூதர் என்றன. அந்தக் கணக்கில்தான் இவர் சிக்கினார். அவர் தம்மை எவ்வாறு கருதினார், அரசு அவரை எவ்வாறு பதிவு செய்தது என்பவை இரு வேறு செய்திகள். காகிதங்கள் எதற்கு என்று கேட்கும் நண்பர்களுக்கு இதுவே விடையாகவும் அமையும். இந்த இடைவெளியை ஓவியத்தில் காண இயலாது. நானாக இருந்தால் “யூதராகத் துன்புறுத்தப்பட்ட ஓவியர்” என்று எழுதுவேன்.

குடும்பத்தையும் விட்டுவிடாதீர்கள். 1938இல் ஸ்வீடன் குடியுரிமைக்காகப் பெயரளவில் ஒரு திருமணம் செய்துகொண்டு அவர் தப்பினார்; தாயையும் தங்கையையும் வரவழைக்க எடுத்த முயற்சிகள் பலிக்கவில்லை. தாய் 1943இல் ராவன்ஸ்புரூக் முகாமில் இறந்தார். தங்கை பெர்லினிலேயே தலைமறைவாக இருந்து பிழைத்தார்.

முத்தியால்பேட்டை அன்பர்:

மேலே இருவரும் சொன்னவற்றுடன் நடைமுறைச் செய்திகள் சில. “அவரைப் பற்றி உள்ள எல்லாவற்றையும் அனுப்புங்கள்” என்று எழுதினால் எந்தக் காப்பகமும் பொதுவான பதிலைத்தான் தரும்; ஒரு வருடம், ஒரு நபர், ஓர் ஓவியம் என்று குறுக்கிக் கேளுங்கள். நாஜிகளால் துன்புறுத்தப்பட்டோர் பற்றிய ஆவணங்களைக் காக்கும், ஜெர்மனியின் பாட் அரோல்சன் நகரிலுள்ள அரோல்சன் காப்பகத்தின் ஆவணங்களில் பெரும்பகுதியை வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்கலாம். ஏறத்தாழ 1 கோடியே 75 லட்சம் பேரின் பெயர்கள் அதில் உள்ளன. போருக்குப் பின் பெர்லினில் இழப்பீடு கோரியவர்களின் கோப்புகள் அந்நகரின் இழப்பீட்டு அலுவலகத்தில் இருக்கின்றன. இத்தகைய கோப்புகளில் விண்ணப்பதாரர் இழந்த வருமானத்தையும் தொழிலையும் தம் கைப்பட விவரித்திருப்பார். ஓர் எச்சரிக்கை: அந்தத் தலைமுறையினர் பள்ளியில் கற்றது பழைய குர்ரென்ட் கையெழுத்து. அச்சு ஜெர்மன் தெரிந்தவர்களே அதைப் பார்த்துத் திணறுவார்கள். சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் மொழி பயின்றாலும் அந்த எழுத்தைத் தனியே பழக வேண்டியிருக்கும்.

பதிப்புரிமையையும் மறவாதீர்கள். இந்தியச் சட்டப்படி ஓவியர் மறைந்து 60 ஆண்டுகள், ஜெர்மனியில் 70 ஆண்டுகள். ஆய்வேட்டில் சான்று காட்டுவது வேறு, படத்தை நூலாக அச்சிடுவது வேறு. இரண்டாவதற்கு முன்அனுமதி கட்டாயம் தேவை.

அரியாங்குப்பம் மாணவி:

மூவருக்கும் நன்றி. 1937இல் கண்காட்சிப் பொருள்கள் என்ற பெயரில் எல்லை தாண்டிய ஓவியங்களுக்குப் பட்டியல் ஏதேனும் உண்டா, அதில் போட்ஸ்டாம் ஓவியம் இருக்கிறதா என்று மட்டும் முதலில் எழுதிக் கேட்கப் போகிறேன்.

மஞ்சக்குப்பம் வாசகர்:

சரியான தொடக்கம். அந்த ஓவியத்தை 2010இல் பெர்லின் தேசிய ஓவியக்கூடம் வாங்கியிருக்கிறது. அதுவரை யார் யார் கைக்குப் போயிற்று என்ற உடைமை வரலாற்றை அவர்கள் வைத்திருப்பார்கள். அங்கும் ஒரு கடிதம் போடுங்கள்.